வேலி தாண்டாத சோறு

மொதல்ல என் பொஞ்சாதி செத்தா. பெறகுதான் கம்பி வேலி போட்டாங்க. இது மாறி நடந்திருந்தா அவளையும் வேலிக்கு உள்ளாறயே எங்கயாவது பொதைச்சிருப்போம். எனக்கும் இவ்வளவு பாடு இருந்திருக்காது.

காச்சல்தான். மூணு நாளு. நாலாம் நாளு நான் ரப்பர் மரத்துல பால் வெட்டிட்டு வாறேன், வாசல்ல பொம்பளைங்க நிக்கிறாங்க. அந்த நிக்கிற நெலையப் பாத்ததுமே தெரிஞ்சி போச்சி. கையில பால் வாளி. அத எறக்கி வைக்கத் தெரியாம ரொம்ப நேரம் தூக்கிக்கிட்டே நின்னேனாம். பெறகு சொன்னாங்க, எனக்கு நெனப்பு இல்ல.

எங்க தோட்டம் மலாயாவுல, புக்கிட் பெலிம்பிங் பக்கம், ரோட்ட விட்டு நல்லா உள்ள தள்ளி. இடுகாடு தோட்டத்துக் கடைசியில, பெரிய வாய்க்கா ஓரம். மழை நாள்ல தண்ணி ஏறும். அதனால மேடாப் பாத்துக் குழி வெட்டினோம். யாரையும் கேக்கல. அப்பல்லாம் பொணத்தப் பொதைக்க யாரையும் கேக்க வேண்டியதில்ல.

நாலு மாசம் கழிச்சி லோரியில கம்பி வந்து எறங்குச்சி. மூணு எடத்துல செதறிக் கெடந்த லயத்து வீட்டு வரிசையெல்லாம் பிரிச்சி ஒரே எடத்துல கொண்டாந்து நெருக்கி வச்சாங்க. ஒரு செவுத்துக்கு அந்தப்பக்கம் ஒருத்தன் இருமினா இந்தப்பக்கம் புள்ள முழிச்சிக்கும், அப்படி. சுத்தி ரெண்டு வரிசை முள்ளுக்கம்பி. ஒரே ஒரு கேட்டு. எமர்ஜென்சின்னு சொன்னாங்க. காட்டுக்குள்ள இருக்கிற கொம்யூனிஸ்டுக்காரங்களுக்கு நாங்க சோறு குடுக்குறோம்னு சந்தேகம். குடுத்தவனும் இருந்தான், இல்லன்னு சொல்ல மாட்டேன். துப்பாக்கியக் காட்டிக் கேட்டா எவன் இல்லங்கிறது? அதுக்காக வீட்டுல அரிசியே வைக்கக்கூடாதுன்னு ஆக்கிட்டாங்க. பெரிய கொட்டாய் ஒண்ணுல மொத்தமாப் பொங்கி ஆளுக்கு இவ்வளவுன்னு போடுவாங்க. அத உள்ளுக்குள்ளயே தின்னுறணும். ஒரு பருக்கை கேட்டத் தாண்டக் கூடாது. வெட்டுக்குப் போறப்ப ஒரு போத்தல் வரக்காப்பி, அவ்வளவுதான். கேட்டுல நிறுத்தித் தடவிப் பாப்பாங்க. பொம்பளைங்க கொண்டைய அவுத்துக் காட்டணும். அதுக்கு ஒரு பொம்பளைய வச்சிருந்தாங்க, அவளும் எங்க லயத்துக்காரிதான். மொத வாரம் அழுதுக்கிட்டே தடவினா. பெறகு பழகிப் போச்சி. மனுசனுக்கு எதுதான் பழகாது.

பாப்பாவுக்கு அப்ப ஆறு வயசு. எனக்கு அவ ஒருத்திதான். நான் விடியறதுக்கு முன்னமே எந்திரிச்சி, அவள எழுப்பி, மூஞ்சியக் கழுவி, சடை போட்டுப் பள்ளிக்கூடத்து வாசல்ல குந்த வச்சிட்டுப் போவணும். எனக்குச் சடை போட வராது. மரத்துல கோடு போடச் சொன்னா நூல் புடிச்ச மாதிரி போடுவேன். புள்ள தலையில ஒண்ணு கெழக்க பாக்கும், ஒண்ணு மேக்க பாக்கும். ரெண்டு மணிக்கு வந்து பாத்தா தலை அழகாப் பின்னியிருக்கும், ரெண்டு சடையும் சமமா. யாரு போட்டதுன்னு கேட்டா, "டீச்சர்"னு சொல்லும்.

பள்ளிக்கூடம் போக ஆரம்பிச்ச மூணாம் நாளோ நாலாம் நாளோ புள்ள ஒரு சேதி கொண்டாந்துச்சி. "எண்ணெயக் கொறச்சலாத் தேய்க்கச் சொன்னாங்க டீச்சர். பொஸ்தகமெல்லாம் எண்ணெய் ஆவுதாம்."

இதுதான் அவங்க எனக்குச் சொல்லியனுப்பின மொத வார்த்தை.

டீச்சரம்மா கிள்ளான் பக்கத்துலேருந்து வந்தவங்க. பலகைக் கொட்டாய்தான் பள்ளிக்கூடம். எல்லா வகுப்பும் ஒரே அறை, ஒரே டீச்சர். இந்த மூலையில ஒண்ணாவது சத்தம் போட்டு வாசிக்கும், அந்த மூலையில நாலாவது கணக்குப் போடும். தோட்டத்துக் கணக்கெழுதுற கிராணி வீட்டு வரிசையில கடைசியா ஒரு ஒத்த அறை அவங்களுக்குக் குடுத்திருந்தாங்க. இருவத்தெட்டு, முப்பது வயசு இருக்கும். கலியாணம் ஆவல. ஏன் ஆவலன்னு ஆளுக்கொரு கதை சொல்லுவாங்க. நான் கேட்டதில்ல.

சடைக்கு நான் என்ன திருப்பிச் செய்யிறது? காஞ்ச பால்மரக் கிளைய வெட்டிக் கட்டி, ஞாயித்துக்கெழமை ஞாயித்துக்கெழமை அவங்க பின்வாசல்ல அடுக்கி வச்சிட்டு வந்துருவேன். சோறுதான் பொங்கக் கூடாது, தண்ணி காய்ச்ச வெறகு வேணும்ல; அதுக்குக் கேட்டுல தடை இல்ல. ரெண்டு மாசம் அவங்களும் ஒண்ணும் சொல்லல, நானும் நின்னு பேசல. ஒரு நாளு குழாயடியில தண்ணி புடிக்கிறப்ப, மூஞ்சியப் பாக்காம சொன்னாங்க.

"பாப்பா அப்பா, வெறகு ஈரமா இருக்கு. பொகையுது."

அதுக்கப்பறம் நான் ரெண்டு வாரம் காய வச்சித்தான் கொண்டு போனேன். இவ்வளவுதான் எங்க பேச்சு. ஆனா ஞாயித்துக்கெழமைய நெனச்சி வியாழக்கெழமையே நான் நாளு எண்ண ஆரம்பிச்சிட்டேன். செத்தவளுக்கு வருசம் கூடத் திரும்பல. எனக்கே என் மேல அருவருப்பா இருந்துச்சி.

எங்க பக்கத்து வீட்டுல ஒரு அத்தை. சொந்த அத்தை இல்ல, கூப்பிடுறது. பள்ளிக்கூடம் இல்லாத நேரத்துல பாப்பாவப் பாத்துக்கிறது அதுதான். வாயி கத்தி. வருசத் தெவசம் வர ஒரு வாரம் இருக்கிறப்ப பாப்பாவுக்குக் காச்சல் வந்துச்சி. தாயிக்கு வந்த அதே மாதிரி. மத்தியானம் வரைக்கும் சும்மா இருக்கும், பெறகு ஒடம்பு அனலாக் கொதிக்கும். மாத்திரை குடுத்தா எறங்கும், திரும்ப ஏறும். நான் புள்ளைய மடியில போட்டுக்கிட்டு, மூணு நாளுன்னு விரலு விட்டு எண்ணிக்கிட்டு இருந்தேன்.

அத்தை வந்து நின்னுக்கிட்டுச் சொன்னுச்சி, "அவ பசியா இருக்காடா."

"யாரு?"

"யாரா? ஒம் பொஞ்சாதி. ஒரு வருசம் ஆவப் போவுது, ஒரு வாய் சோறு கொண்டு போயி வச்சியா? நீ வெறகு சொமக்குற எடம் அவளுக்குத் தெரியாதுன்னு நெனச்சியா?"

லயத்துல இருக்கிற எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கு.

"பூசாரி, உள்ளயே கோயில் ஓரமா எலை போட்டா போதுங்கிறாரு அத்தை."

"பூசாரிக்கு என்ன, சொல்லுவான். அவ எப்படிடா உள்ள வருவா? கேட்டுல ஐ.சி கேக்குறான். செத்தவகிட்ட ஐ.சி இருக்கா?"

இத ஒரு தமாசா நீங்க எடுத்துக்கலாம். அன்னிக்கு நான் எடுத்துக்கல. அவ செத்தப்ப ஐ.சி.ங்கிற அடையாளக் கார்டே இல்ல. படம் எடுத்து, கட்டைவிரலு உருட்டி, எல்லாருக்கும் குடுத்தது அவ செத்த பெறகு. வேலியும் அவ போன பெறகு வந்தது. அவளுக்கு வழியே தெரியாது. வாய்க்கா ஓரத்துல ஒக்காந்துக்கிட்டு நான் வருவேன் வருவேன்னு பாத்துட்டு, கடைசியில புள்ளையக் கூப்பிடுறான்னுதான் எனக்குப் பட்டுச்சி. நான் டீச்சரம்மாவ நெனச்சேன்ல, அதுக்குக் கூலி. எம் புள்ள உசுரு போயிரும். இத யாரு சொல்லியும் நான் மாத்திக்கிட்டிருக்க மாட்டேன்.

தோட்டத்த நடத்துற வெள்ளக்காரத் தொரைக்கு மனு குடுத்துப் பாக்கலாம்னு தோணுச்சி. எனக்கு எழுத்து வராது. மனு எழுதத் தெரிஞ்சது ரெண்டே பேரு. கிராணிகிட்ட கேட்டா நாலு நாளு இழுப்பாரு. பள்ளிக்கூடம் விட்ட பெறகு டீச்சரம்மாகிட்ட போனேன். அவங்க ஒரு பெஞ்சுல, நான் வாசப்படிக்கிட்ட. கதவு ரெண்டும் தெறந்தே இருந்துச்சி. போற வாற ஆளுங்க பாக்கணும்னே தெறந்து வச்சாங்க.

"என்ன எழுதணும் சொல்லுங்க."

"எம் பொஞ்சாதிக்கு சோறு வைக்கணும்னு எழுதுங்க."

"எவ்வளவு?"

"ஒரு எலை."

"கூட என்ன?"

"அவிச்ச முட்டை. கத்திரிக்கா. கருவாடு."

"கருவாடு வேணாம். வெள்ளக்காரருக்கு எழுதுற மனு."

"எழுதுங்க டீச்சரம்மா. கருவாடு இல்லாட்டி அவளுக்குச் சோறு எறங்காது."

சிரிச்சிட்டாங்க. வாயப் பொத்திக்கிட்டுச் சிரிச்சாங்க. பெறகு எழுதினாங்க, கருவாட்டோட. எழுதி முடிச்சி அதே மாதிரி இன்னொண்ணும் எழுதினாங்க. ஒண்ணு கையில இருக்கட்டும், பெறகு ஒதவும்னு சொன்னாங்க. மை காயட்டும்னு காயிதத்தப் பெஞ்சுல விரிச்சி வச்சிட்டு, வெளிய பாத்துக்கிட்டே பேசினாங்க.

"எனக்குப் பேசி வச்சிருந்தவர, ஜப்பான்காரன் காலத்துல சயாமுக்கு ரயில் ரோடு போடப் புடிச்சிக்கிட்டுப் போனாங்க. கூடப் போனவங்க நாலு பேரு திரும்பி வந்தாங்க. அவரப் பாக்கவே இல்லங்கிறாங்க. செத்த நாளு தெரிஞ்சாத்தானே நான் சோறு வைக்க முடியும்? உங்களுக்கு நாளு தெரியுது. எடம் தெரியுது. குடுத்து வச்சவங்க நீங்க."

ஆறேழு வருசமா ஒரு மனுசி இப்படி நின்னுக்கிட்டு இருந்திருக்கு. எனக்கு அப்பத்தான் தெரியுது.

மனுவ நானே கொண்டு போயிக் கிராணிகிட்ட குடுத்தேன். ரெண்டு நாளு கழிச்சி, காலையில ஆளு கணக்கெடுக்கிற பெரட்டுக்களத்துல, எல்லாரும் நிக்கிறப்பவே கூப்பிட்டாரு.

"டேய், தொரை கேக்குறாரு, செத்தவங்க எப்படிடா சாப்பிடுவாங்கன்னு. நான் என்னத்தச் சொல்றது?"

"நீங்களும் நம்ம ஆளுதானேயா. எடுத்துச் சொல்லக் கூடாதா?"

"எனக்குத் தெரியும்லா. அவருக்கு எந்தப் பாஷையில சொல்றது? முடியாதுன்னுட்டாரு. போ, போயி வேலையப் பாரு."

சிரிச்சானுங்க சில பேரு. பாப்பாவுக்கு அன்னிக்கும் காச்சல்.

தெவசத்துக்கு மொத நாளு எனக்குப் போட்ட சோத்த நான் தின்னல. அத்தையும் தன் பங்க எடுத்து வச்சிக் குடுத்துச்சி. முட்டையும் கருவாடும் அதுதான் எங்கயோ தேடிக் கொண்டாந்துச்சி. டீச்சரம்மாகிட்ட மூச்சு விடல. சொன்னா வேணாம்பாங்க. அவங்க வேணாம்னு சொன்னா நான் நின்னுருவேன். அதுக்குப் பயந்துதான் சொல்லல.

வாளி அடியில வாழையெலைய வச்சி, சோத்தக் கட்டி, அதுக்கு மேல புது மங்குகள அடுக்கினேன். மங்குன்னா மரத்துல பால் சொட்டுற பீங்கான் கிண்ணம். உடைஞ்சதுக்குப் பதிலா புதுசு கொண்டு போறது வழக்கம், யாரும் நிறுத்த மாட்டாங்க. கேட்டுல அன்னிக்கு நின்னவன் நல்ல மலாய்க்காரப் பையன். தெனம் என்னப் பாத்து "சுடா மாக்கான்?"னு கேப்பான், சாப்பிட்டாச்சான்னு. வேற நாளா இருந்திருந்தா விட்டிருப்பான். அன்னிக்குன்னு பாத்து ஜீப்புல ஒரு வெள்ளக்கார அதிகாரி வந்து கேட்டுலயே நிக்கிறான்.

கருவாட்டு வாசந்தான் காட்டிக் குடுத்துச்சி. பையன் வாளிக்கிட்ட குனிஞ்சான். மூக்கு சுருங்குச்சி. என்ன நிமிந்து பாத்தான். "இக்கான் மாசினா?"ன்னு, கருவாடான்னு, மெதுவாத்தான் கேட்டான். என்னையும் பாக்குறான், பின்னால நிக்கிற அதிகாரியையும் பாக்குறான். பெறகு ஒவ்வொரு மங்கா எடுத்து வெளிய வச்சான்.

எலையப் பிரிச்சிப் போட்டாங்க. ரெண்டாளு சோறு. யாருக்குன்னு கேட்டாங்க.

"எம் பொஞ்சாதிக்கு."

"எங்க இருக்கா?"

"வாய்க்கா ஓரத்துல."

அத மொழிபெயத்துச் சொன்னவன் என்னத்தச் சொன்னானோ தெரியல. அதிகாரி மூஞ்சி மாறிப் போச்சி. கையில விலங்கு மாட்டிட்டாங்க. ஜீப்பு திரும்புறப்ப பள்ளிக்கூடத்துப் பக்கம் பாத்தேன். மணி அடிக்கல இன்னும். பாப்பா அத்தை வீட்டுல காச்சலோட கெடக்கு.

லோக்காப்புல பதினோரு நாளு. அடிச்சாங்களான்னு கேக்காதீங்க. கேட்டதெல்லாம் ஒரே கேள்விதான். ஒரு ஆளு பங்குதானே ஒனக்கு, ரெண்டாளு சோறு எப்படி வந்துச்சி, யாரு குடுத்தா? அத்தை பேரச் சொன்னா அன்னிக்கே பாதி விசயம் முடிஞ்சிருக்கும். ஆனா அத்தையும் உள்ள வந்துட்டா காச்சப்புள்ளைய யாரு பாக்குறது? எல்லாம் என் சோறுதான், ரெண்டு நாளு சேத்து வச்சேன்னு அதையே சொல்லிக்கிட்டிருந்தேன். ரெண்டு நாளு சோறு ஊசிப் போவாதான்னு கேட்டான். திரும்பவும் அதையே சொன்னேன். கூட அடைச்சி வச்சிருந்தவன் ஒருத்தன் சொன்னான், "ஒன்ன ஊருக்குக் கப்பல் ஏத்திருவாங்கண்ணே. நெறைய பேர ஏத்திட்டாங்க." ஊரு எனக்கு என்ன ஊரு? கைப்புள்ளையா வந்தவன் நான். அங்க எறங்கினா எந்தப் பக்கம் நடக்கணும்னு கூடத் தெரியாது. எம் புள்ள இங்க.

ஏழாம் நாளு கிராணி வந்தாரு. கம்பிக்கு அந்தப்பக்கம் நின்னுக்கிட்டு, புள்ளைக்குக் காச்சல் எறங்கிருச்சின்னு மொதல்ல சொன்னாரு. நல்ல மனுசன், அத மொதல்ல சொன்னாரு. பெறகு சொன்னாரு, வேலையில ஆளு இல்லாத வீட்ட லயத்துல வச்சிருக்க முடியாதாம். வீட்டப் பூட்டியாச்சி. புள்ளைய கோலாலம்பூருல அநாதைப் புள்ளைங்க விடுதிக்கு அனுப்பத் தொரை எழுதிட்டாராம்.

"அத்தை வச்சிக்கும்யா."

"அது கெழவிடா. அதுக்கே போடுற சோத்துல ரெண்டு வயிறா? சட்டம் விடாது."

நான் அந்தாளு கால்ல விழ முடியல, நடுவுல கம்பி. கம்பியப் புடிச்சிக்கிட்டு ஒக்காந்துட்டேன்.

பதினொன்னாம் நாளு காலையில என்னக் கொண்டாந்து ஒரு பலகைத் தடுப்புக்குப் பின்னால குந்த வச்சாங்க. அந்தப்பக்கம் டீச்சரம்மா குரலு. அதே பள்ளிக்கூடக் குரலு, ஆனா கொஞ்சம் மூச்சு வாங்குச்சி. தோட்டத்துலேருந்து பஸ்ஸு ரோடு வரைக்கும் நடந்து வந்திருக்காங்க. கையில வச்சிருந்த ரெண்டாவது மனுவக் காட்டி, இந்தாளு திருட்டுத்தனமா செய்யல, மொறையா அனுமதி கேட்டிருக்காருன்னு சொன்னாங்க.

மொழிபெயக்கிற தமிழன் சொன்னான், "அம்மா, அய்யா என்ன சொல்றாருன்னா, இது ரொம்ப மோசமால்ல இருக்கு. கூடாதுன்னு சொன்ன பெறகும் கொண்டு போயிருக்கான். தெரிஞ்சே செஞ்சிருக்கான்."

காப்பாத்தக் கொண்டாந்த காயிதமே என்னப் புடிச்சிக் கட்டிப் போட்டுருச்சி. அவங்க கையெழுத்து.

"இத எழுதினது யாரு?"

"நான்."

"நீங்க இவனுக்கு என்ன வேணும்?"

அவங்க எந்திரிச்ச சத்தம் கேட்டுச்சி. பெறகு சொன்னாங்க, "நான் அவரக் கட்டிக்கப் போறவ. அந்தப் புள்ளைக்கு நான்தான் தாய். விடுதிக்கு அனுப்ப முடியாதுன்னு எழுதிக்கிங்க."

நான் அந்த மனுசிகிட்ட வெறகப் பத்தியும் மனுவப் பத்தியும் மட்டுந்தான் பேசியிருக்கேன். நாலடி தள்ளி நின்னுதான் பேசியிருக்கேன். சந்தோசம் வரல எனக்கு. பயம் வந்துச்சி. கப்பல் ஏறப் போறவனுக்கு வாக்குக் குடுத்துட்டாங்களே, ஏற்கெனவே ஒருத்தன் சயாமுக்குப் போயி வரல, இப்ப நானுமான்னு. தடுப்பத் தட்டி, பொய்யிங்க, அந்தம்மாவுக்கும் எனக்கும் ஒண்ணும் இல்லன்னு கத்தலாம்னு வாயத் தொறந்தேன். கத்தினா புள்ள விடுதிக்குப் போயிரும். வாய மூடிக்கிட்டேன். என் ஆயுசுல நான் செஞ்ச சுயநலம் அது ஒண்ணுதான். அது ரொம்பப் பெருசு.

புள்ள அவங்களுக்குக் கெடைச்சிருச்சி. வேலை போயிருச்சி. புடிபட்டவனுக்கு வாக்கப்படப் போற பொம்பளை எப்படிப் புள்ளைங்களுக்குப் பாடம் சொல்லுறதுன்னு தோட்டத்துல கேட்டிருக்காங்க. கோலசிலாங்கூர் டவுன்ல ஒரு நானா சாப்பாட்டுக் கடை வச்சிருந்தாரு. ஊருல கடக்கரைப் பக்கத்து முஸ்லிம் ஆளு, எல்லாரும் நானான்னுதான் கூப்பிடுவாங்க. அந்தக் கடைப் பின்கட்டுல மசாலா அரைக்கிற வேலைக்குச் சேந்து, நானா வீட்டம்மா விட்ட ஒரு அறையில எம் புள்ளையோட இருந்தாங்க. சாக்பீஸு புடிச்ச கையி. இதெல்லாம் எனக்கு அவங்களே சொல்லல, பாக்க வந்தப்ப விரலப் பாத்துக் கேட்டேன். மொளகா காந்தல்ல செவந்து கெடந்துச்சி.

என்ன விசாரணை எதுவும் இல்லாமலே தூரத்துல ஒரு தடுப்புக் கேம்புக்கு மாத்தியிருந்தாங்க. மாசத்துல ஒரு தடவ வருவாங்க. பஸ்ஸு மாறி மாறி வரணும். புள்ளையக் கூட்டிக்கிட்டு வருவாங்க. கம்பிக்கு இந்தப்பக்கம் நான், அந்தப்பக்கம் அவங்க. மொத ரெண்டு மூணு தடவ பாப்பா அழுதுச்சி. பெறகு அழல. அழாம என்னப் பாத்துக்கிட்டே மிட்டாய் தின்னுச்சி. அதுதான் எனக்குத் தாங்கல.

ஒரு வருசம் போன பெறகு அதிகாரி கூப்பிட்டு ஒரு காயிதத்த வச்சாரு. ஊருக்குப் போயிர்றேன்னு கைநாட்டு வையி, வர்ற கப்பல்ல விட்டுர்றோம். ஒம் புள்ளையும் ஒன்கூட வரலாம். அந்தப் பொம்பளை வர முடியாது, ஒனக்குச் சட்டப்படி பொஞ்சாதி இல்ல. வைக்கலன்னா எப்ப விடுவோம்னு சொல்ல முடியாது.

அந்த மாசம் டீச்சரம்மா வந்தப்ப சொன்னேன்.

"வைங்க," ன்னாங்க. யோசிக்கவே இல்ல.

"நீங்க?"

"எனக்கென்ன. இருந்து பழகினவதானே."

"எனக்கு அங்க யாரு இருக்கா டீச்சரம்மா? புள்ளைய வச்சிக்கிட்டுத் தெருவுலயா நிக்கிறது?"

"அப்பன் இருந்தா தெருவும் வீடுதான். அவ உங்க மூஞ்சிய மறந்துக்கிட்டு வர்றா. எனக்குத்தான் தெரியும், தெனம் சொல்லிக் குடுத்து மாளல. எனக்காக ஒண்ணும் செய்யாதீங்க பாப்பா அப்பா. கைநாட்ட வைங்க."

நான் வைக்கல. மை தடவி விரலப் புடிச்சிக்கிட்டுப் போயி காயிதத்துக்கிட்ட நிறுத்தினாங்க. விரல மடக்கிக்கிட்டேன். அது சரியா தப்பான்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. புள்ளைக்காக வைக்கலன்னு சொன்னா அது பொய்யி. அவங்களுக்காக வைக்கல. எம் புள்ளைய அப்பன் இல்லாம விட்டது நானேதான், வெள்ளக்காரன் இல்ல.

அடுத்த மாசம் அவங்க வரல. அதுக்கு அடுத்த மாசமும் வரல. எட்டு மாசம் வரல. கோவமா, சீக்கா, புள்ளைக்கு ஏதாவதா, வேற எங்கயாவது போயிட்டாங்களா, ஒண்ணும் தெரியாது. கடுதாசி வந்தாலும் எனக்குப் படிக்கத் தெரியாது. யாராவது படிச்சிச் சொல்லணும். வரவே இல்ல, அதனால அந்தத் தொல்லையும் இல்ல. பாக்க வர்ற நாளு அன்னிக்கு எல்லாரும் குளிச்சித் தலை சீவுவாங்க. நானும் சீவிக்கிட்டுப் போயி நிப்பேன். பேரக் கூப்பிட மாட்டாங்க. திரும்பி வந்துருவேன்.

ஒரு நாளு எந்தக் காரணமும் சொல்லாம விட்டுட்டாங்க. தோட்டத்துக்குள்ள கால் வைக்கக் கூடாது, அது ஒண்ணுதான் கண்டிசன்.

கோலசிலாங்கூருல எறங்கி நானா கடையத் தேடிப் போனேன். பின்பக்கமாப் போனேன், முன்பக்கம் போக மனசு வரல. ஒம்பது வயசுப் பொம்பளப்புள்ள ஒண்ணு கொத்தமல்லி ஆஞ்சிக்கிட்டு இருந்துச்சி. நிமிந்து பாத்து, "முன்வாசல்ல போங்க, இங்க சாப்பாடு கெடையாது"ன்னுச்சி. நான் நகரல. அது உள்ள திரும்பிச் சொன்னுச்சி, "அம்மா, யாரோ வந்து நிக்கிறாங்க."

டீச்சரம்மா வந்து பாத்தாங்க. அழல. நான் அழுதேன். அவங்க ஒரு வாளித் தண்ணியத் தூக்கியாந்து முன்னால வச்சி, "காலக் கழுவிட்டு வாங்க. எழவு வீட்டுலேருந்து வந்த மாதிரிதான்"னு சொல்லிட்டு உள்ள போயிட்டாங்க. நான் கைநாட்டு வைக்கலன்னு எட்டு மாசம் வராம இருக்க வச்ச அந்தக் கோவம் கொறையறதுக்கு ரொம்ப நாளாச்சி.

நானா கண்டிசனா சொல்லிட்டாரு, "தம்பி, கலியாணம் முடிக்காம எங்க வீட்டுக் கூரைக்குக் கீழ ரெண்டு பேரையும் வச்சிக்க மாட்டேன். நீங்க கடை முன்னால படுத்துக்கங்க." படுத்துக்கிட்டேன். நான் டீச்சரம்மாகிட்ட கேட்டேன், நேராவே கேட்டேன், என்னக் கட்டிக்கிறீங்களான்னு. அம்மியிலேருந்து கைய எடுக்காமச் சொன்னாங்க, "அந்த ஸ்டேசன்ல நான் சொன்னது புள்ளைக்காக. மொதல்ல அவ உங்கள அப்பான்னு கூப்பிடட்டும். பெறகு பாக்கலாம்."

புள்ள கூப்பிடல. ஒரு மாசம், ரெண்டு மாசம். நான் பக்கத்துல போனா அவங்க பின்னால போயி நிக்கும். "அவரு எப்ப போவாரு?"ன்னு கேட்டத ஒரு நாளு என் காதால கேட்டேன். மிட்டாய் வாங்கிக் குடுத்தா வாங்கிக்கும், நன்றின்னு சொல்லும், ஒரு அன்னியனுக்குச் சொல்ற மாதிரி. நான் நெனச்சேன், இதுக்குத்தான் ரெண்டு வருசம் கெடந்தேனா. பேசாம அந்தக் காயிதத்துல விரல வச்சிருக்கலாம். இல்ல, ஒரேயடியா எங்கயாவது போயிரலாம். அவங்க ரெண்டு பேரும் நல்லாத்தானே இருக்காங்க, நடுவுல நான் எதுக்கு.

சுங்கை பெசாருல நெல்லு அறுப்புக்கு ஆளு எடுக்குறாங்கன்னு சொன்னாங்க. துணிய மூட்டை கட்டினேன். திரும்பி வர்றதா இல்லையான்னு எனக்கே தெரியாது. யாருகிட்டயும் சொல்லல. கடைக்கு எதித்தாப்புல பஸ்ஸுக்கு நிக்கிறேன், அந்தப் புள்ள ரோட்டக் கடந்து வருது. வந்து மூணடி தள்ளி நின்னுச்சி. என் மூட்டையப் பாத்துச்சி.

"அம்மா கேக்கச் சொன்னாங்க. எப்ப திரும்பி வருவீங்கன்னு."

கடைக்குள்ளேருந்து சத்தம் வருது, "ஏய், நான் எங்கடி கேக்கச் சொன்னேன்?"

புள்ளைக்கு மூஞ்சி செவந்து போச்சி. தரையப் பாக்குது. போகவும் இல்ல.

"அறுப்பு முடிஞ்ச ஒடனே வந்துருவேன்,"னு சொன்னேன்.

"எத்தன நாளு?"

"இருவது நாளு இருக்கும்."

"இருவதா, அதுக்கு மேலயா?"

"இருவதுதான்மா."

பஸ்ஸு வந்துச்சி. நான் ஏறத்தான் செஞ்சேன், வேலை வேணுமே. பதினெட்டாம் நாளே வந்துட்டேன். அந்தப் புள்ள அதுக்கப்பறமும் ஆறு மாசம் என்ன அப்பான்னு கூப்பிடல. ஆனா டீச்சரம்மா அதுவரைக்கும் பொறுக்கல. நான் வந்த அந்த வெள்ளிக்கெழமையே கோயிலுக்குப் போயித் தாலி கட்டிட்டு வந்துரலாம்னுட்டாங்க.